பெயர் ஒரு கதை, தரம் இன்னொரு கதை: சொகுசுக் கார்களை எப்படி ஒப்பிடுவது?

1998-இல் ரோல்ஸ் ராய்ஸ் கார் தொழில் விற்பனைக்கு வந்தது. விக்கர்ஸ் நிறுவனத்திடமிருந்து அதை 43 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது ஃபோக்ஸ்வாகன். இங்கிலாந்தின் க்ரூ நகரில் இருந்த தொழிற்சாலை, அங்கே பல தலைமுறையாக வேலை பார்த்த கைவினைஞர்கள், பென்ட்லி என்ற இன்னொரு பிராண்ட், காரின் முகப்பில் முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் அந்தப் பெண் சிலை, தூண் தூணாக நிற்கும் கிரில் வடிவம் எல்லாமே அந்த விலைக்குள் அடக்கம். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. ‘ரோல்ஸ் ராய்ஸ்’ என்ற பெயர் விமான இன்ஜின் செய்யும் தனி நிறுவனத்தின் கையில் இருந்தது. அவர்கள் அதைக் கார்களுக்குப் பயன்படுத்தும் உரிமையை பி.எம்.டபிள்யூ.வுக்குக் கொடுத்தார்கள். விலை 4 கோடி பவுண்டு.

ஆலையும் ஆட்களும் ஒருவரிடம், பெயர் இன்னொருவரிடம். கடைசியில் பெயர் இருந்த பக்கமே ரோல்ஸ் ராய்ஸ் ஆனது. பி.எம்.டபிள்யூ. குட்வுட் என்ற இடத்தில் புதிதாக ஓர் ஆலை கட்டி, தன்னுடைய வி12 இன்ஜினை வைத்து, 2003-இல் ஃபேன்டம் காரை வெளியிட்டது. குட்வுட்டில் செய்வது அசல் ரோல்ஸ் ராய்ஸ் இல்லை என்று இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. அந்தக் கார்கள் உண்மையிலேயே பிரமாதமாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

சொகுசுக் கார்களைப் பற்றிய பேச்சில் தரம், விலை, நற்பெயர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். விலை அதிகம் என்றால் தரம் அதிகம், தரம் அதிகம் என்பதால் பெயர் பெரிது என்று ஒரு நேர்கோடு போட்டுக்கொள்கிறோம். அந்தக் கோடு பல இடங்களில் அறுந்து கிடக்கிறது. விலையை ஒரு நிறுவனம் நினைத்தால் நாளைக்கே மாற்றலாம். தரம் மாற ஒரு மாடல் தலைமுறை, அதாவது ஆறேழு வருடம் ஆகும். நற்பெயர் மாறுவதற்குப் பதினைந்து, இருபது வருடம் பிடிக்கும். அதனால் ஒரு பிராண்டின் பெயரை நம்பிக் கார் வாங்குகிறவர், பெரும்பாலும் முந்தைய தலைமுறைக் காரின் பெருமைக்கே பணம் கொடுக்கிறார். கெட்ட பெயரைப் பார்த்து ஒதுங்குகிறவரும் அதே தவறைத்தான் எதிர்ப்பக்கமாகச் செய்கிறார்.

இதற்கு மெர்சிடிஸ் பென்ஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1970-களிலும் 80-களிலும் அவர்கள் செய்த கார்கள் வேறு ரகம். இன்ஜினியர்கள் முதலில் காரைச் செய்வார்கள், பிறகுதான் கணக்குப் பார்த்து விலை போடுவார்கள் என்ற காலம் அது. டாக்ஸியாக ஓடியே பல லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டபிள்யூ123 (இப்படி ஒவ்வொரு தலைமுறைக் காருக்கும் ஒரு குறியீடு உண்டு), 1979-இல் வந்த டபிள்யூ126 எஸ் கிளாஸ் போன்றவை ‘பென்ஸ் என்றால் இரும்பு’ என்ற பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தன. பாதுகாப்பிலும் அவர்களே முன்னோடி. பாஷ் நிறுவனத்துடன் சேர்ந்து, சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கை 1978-இல் எஸ் கிளாஸில் கொண்டுவந்தார்கள். ஓட்டுநருக்கான ஏர்பேக் 1981-இல் வந்தது.

1995-இல் டபிள்யூ210 இ கிளாஸ் வந்தது. உருண்டை விளக்குகள், அழகான உடல், ஓட்டுவதற்கு இதமான கார். ஆனால் சில வருடங்களிலேயே முன் ஃபெண்டரின் விளிம்பிலும் கதவின் அடியிலும் பெயின்ட் கொப்பளித்துத் துரு எட்டிப் பார்த்தது. முன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைத் தாங்கும் இடம்கூடத் துருப்பிடித்துக் கழன்றுகொண்ட கார்கள் உண்டு. அடுத்து வந்த டபிள்யூ211-இல் எலக்ட்ரானிக்ஸ் தொல்லை. 2005-இல் மின்சாரக் கோளாறுகளுக்கும் பிரேக் மென்பொருளுக்குமாக 13 லட்சம் கார்களை நிறுவனமே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பத்து வருடமும் விற்பனை என்னவோ நன்றாகத்தான் நடந்தது. டபிள்யூ126 சம்பாதித்து வைத்த பெயரை டபிள்யூ210 செலவழித்துக்கொண்டிருந்தது. அப்புறம் நிறுவனம் விழித்துக்கொண்டு தரத்தைச் சரிசெய்தது. அதற்குள் ‘இப்போதைய பென்ஸ் பழைய பென்ஸ் மாதிரி இல்லை’ என்ற பேச்சு நிலைத்துவிட்டது. சரிசெய்யப்பட்ட கார்களும் அந்தப் பேச்சைச் சுமக்க வேண்டியதாயிற்று.

ஆடிக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 1986 நவம்பரில் அமெரிக்காவின் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஆடி 5000 கார் தானாகவே பாய்கிறது என்று காட்டியது. ஆக்சிலரேட்டர் பெடல் தானே கீழே போவதாகக் காட்டுவதற்கு, கியர்பாக்ஸில் வெளியிலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்தியிருந்தார்கள். 1989-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்ந்து, பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே காரணம் என்றது. பெடல்கள் அமைந்த விதமும் அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுத்திருக்கலாம் என்றார்கள். ஆனால் கார் தானாகப் பாயவில்லை. இதற்குள் 1985-இல் சுமார் 74,000 ஆக இருந்த ஆடியின் அமெரிக்க விற்பனை, 1991-இல் 12,000 அளவுக்கு விழுந்துவிட்டது. பழைய எண்ணிக்கையைத் திரும்பத் தொட 2000-ஆம் ஆண்டு வரை ஆனது. மோசமான காருக்காக ஒரு பிராண்ட் தண்டனை அனுபவிப்பது நியாயம். செய்யாத தவறுக்குப் பதினைந்து வருடம் என்பதைப் படிக்கும்போது எனக்கு இன்னமும் மனது ஆறுவதில்லை.

சரி, தரம் என்று எதைச் சொல்கிறோம்? ஷோரூமில் கையில் படுகிற தரம் ஒன்று. எட்டு வருடம் கழித்து மெக்கானிக்கின் கையில் படுகிற தரம் இன்னொன்று. இரண்டையும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு பட்ஜெட்டில் உருவாக்குகிறார்கள்.

ஷோரூம் தரத்துக்குக் கதவைச் சாத்திப் பார்ப்பதே போதும். நல்ல சொகுசுக் காரின் கதவு ‘டப்’ என்று அடங்கி மூடும், மலிவான காரில் ‘டண்’ என்று தகரம் அதிரும். இது தற்செயலாக அமைவதில்லை. கதவின் உள்தகட்டில் அதிர்வை விழுங்கும் பட்டைகளை ஒட்டுகிறார்கள். ரப்பர் சீல் இரண்டு மூன்று அடுக்காக இருக்கும். பூட்டின் கொக்கிக்கு உறை போட்டு உலோகம் உலோகத்தில் மோதும் சத்தத்தை அடக்குகிறார்கள். இதற்கென்றே ஒலிப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆடியில் 1985 முதல் ஒரு ‘மூக்குக் குழு’ இயங்குகிறது. சீட் துணி, பிளாஸ்டிக், பசை எல்லாவற்றையும் சூடாக்கி முகர்ந்து பார்த்து, வாசனை சரியில்லாததைத் திருப்பி அனுப்புவதே அவர்கள் வேலை. ரோல்ஸ் ராய்ஸ் காளைத் தோல்தான் வாங்கும். கன்று ஈன்ற பசுவின் தோலில் நீட்சி வரிகள் இருக்கும் என்பது காரணம். பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோட்டைத் தூரிகையால் கையாலேயே வரைகிறார்கள். இவற்றையெல்லாம் வெறும் பகட்டு என்று தள்ள எனக்கு மனம் வராது. வருடக்கணக்கில் தினமும் உட்காரும் இடம் அது. கைபடும் இடமெல்லாம் யோசித்துச் செய்யப்பட்டிருப்பது உண்மையான மதிப்புதான்.

ஆனால் அந்தக் கதவின் சத்தத்துக்கும் இன்ஜினுக்குள் நடப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சில ஜெர்மன் வி8 இன்ஜின்களில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினை இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டும் இடத்தில் வைத்தார்கள். இன்ஜின் நீளம் குறையும், முன்பகுதியில் இடம் மிச்சமாகும். செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் தேய்ந்துபோனால் இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். கையளவு பிளாஸ்டிக் துண்டை மாற்ற நாள்கணக்கில் கூலி ஆகும். பி.எம்.டபிள்யூ. 2008-இல் கொண்டுவந்த என்63 என்ற வி8-இல், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போக்களை இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவில் பொருத்தினார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் துள்ளும் வேகம் கிடைத்தது. அதே நடுவிடத்தில் வெப்பம் தேங்கி, சுற்றியிருந்த சீல்களும் குழாய்களும் வதங்கின. ஆயில் குடிக்கும் இன்ஜின் என்ற பெயர் வந்தது. 2014-இல் அமெரிக்காவில் அந்த இன்ஜின் உள்ள கார்களுக்கென்றே ஒரு தனிப் பராமரிப்புத் திட்டத்தை நிறுவனம் அறிவிக்க வேண்டி வந்தது.

டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸ் நம்பகத்துக்குப் பெயர் பெற்றதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. ஜப்பானியர்கள் மந்திரம் எதுவும் போடவில்லை. புதிய தொழில்நுட்பத்தை மெதுவாகத் தொடுகிறார்கள், அவ்வளவுதான். ஜிஎக்ஸ் 460 என்ற பெரிய வண்டியில் டர்போ இல்லாத ஒரே வி8 இன்ஜினை 2009 முதல் 2023 வரை மாற்றாமல் ஓட்டினார்கள். போட்டியாளர்கள் அதற்குள் இன்ஜின் குடும்பங்களையே மாற்றிவிட்டிருந்தார்கள். இதற்கு லெக்ஸஸும் ஒரு விலை கொடுத்தது. எரிபொருள் அதிகம் குடிக்கும், மிதித்தவுடன் பாயாது, திரையும் மென்பொருளும் பல வருடம் பின்தங்கியே இருந்தன. திரையை விரலால் தொடவிடாமல், ஒரு சின்ன டச்பேடை வைத்து அம்புக்குறியை நகர்த்தச் சொன்ன அந்த ஏற்பாட்டை விரும்பியவர்கள் குறைவு. ஜெர்மன் கார் வாங்குகிறவர் புதுமைக்குப் பணம் கொடுத்துக் கொஞ்சம் ஆபத்தையும் சேர்த்து வாங்குகிறார். லெக்ஸஸ் வாங்குகிறவர் புதுமையை விட்டுக்கொடுத்து நிம்மதியை வாங்குகிறார். இரண்டுமே நியாயமான தேர்வுதான், எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கும்வரை.

தரத்தை அளக்க ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றை எப்படிப் படிப்பது என்பதுதான் சிக்கல். ஜே.டி. பவர் நிறுவனம் இரண்டு ஆய்வுகளை நடத்துகிறது. ஒன்று புதுக் காரின் முதல் 90 நாட்களைப் பற்றியது, மற்றொன்று மூன்று வருடக் கார்களைப் பற்றியது. 100 கார்களுக்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணுவார்கள். 2023-இன் மூன்று வருட ஆய்வில் லெக்ஸஸுக்கு 133, எல்லா பிராண்டுகளின் சராசரி 186. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. போன் புளூடூத்தில் சேரவில்லை என்பதும் ஒரு பிரச்சினை, கியர்பாக்ஸ் போய்விட்டது என்பதும் ஒரு பிரச்சினை. எண்ணிக்கையில் இரண்டும் சமம். சமீப வருடங்களில் அதிகப் புகார் வருவதே திரை, குரல் கட்டளை, போன் இணைப்பு பற்றித்தான். வசதிகளை அள்ளி அடைக்கும் சொகுசு பிராண்டுகள் பட்டியலில் கீழே போவதற்கு அதுவும் காரணம். பட்டியலில் கீழே இருக்கும் கார் வழியில் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. மேலே இருப்பது பத்தாவது வருடமும் தொல்லை தராது என்றும் அர்த்தமில்லை. மூன்று வருடம் என்பது பெரும்பாலும் வாரண்டிக்கு உட்பட்ட காலம். ரப்பர், பிளாஸ்டிக், ஏர் சஸ்பென்ஷன் எல்லாம் தம் வேலையைக் காட்டுவது அதற்குப் பிறகுதான்.

போர்ஷே இந்தப் பட்டியல்களில் மேலே வருவது பலருக்கு வியப்பாக இருக்கும். வேகக் கார் என்றால் தொல்லை என்பது பொதுவான நினைப்பு. 2021-இன் மூன்று வருட ஆய்வில் லெக்ஸஸுக்கு 81, அடுத்த இடத்தில் போர்ஷேக்கு 86. இது தானாக வந்ததல்ல. 1990-களின் தொடக்கத்தில் போர்ஷே மூழ்கும் நிலையில் இருந்தது. ஆலையில் உதிரி பாகங்கள் ஆள் உயரத்துக்கு மேல் அலமாரிகளில் குவிந்து கிடக்கும். தொழிலாளர்கள் ஏணி ஏறித் தேடி எடுப்பார்கள். தலைவராக வந்த வெண்டலின் வீடெகிங், பாகங்களைக் குவித்து வைக்காமல் தேவைப்படும்போது மட்டும் வரவழைக்கும் டொயோட்டா முறையில் தேர்ந்த ஜப்பானிய ஆலோசகர்களை ஆலைக்குள் அழைத்துவந்தார். அவர்கள் பேச்சைக் கேட்டு, மின்ரம்பத்தை எடுத்து அலமாரிகளைப் பாதியாக அவரே அறுத்தார். அங்கிருந்துதான் இன்றைய போர்ஷேயின் ஒழுங்கு தொடங்குகிறது. அப்படியிருந்தும், அதே காலத்தில் வந்த பாக்ஸ்டர், 996 தலைமுறை 911 கார்களின் இன்ஜினில் இடைத் தண்டின் பேரிங் நொறுங்கி, இன்ஜினே போகும் ஆபத்து இருந்தது. ஆகவே ‘போர்ஷே நல்ல காரா’ என்ற கேள்விக்கே பதில் கிடையாது. எந்த வருடம், எந்த இன்ஜின் என்று கேட்டால்தான் பதில் உண்டு.

விலைக்கு வருவோம். பல லட்சம் டாலர் விலையுள்ள காருக்குள்ளும் பொது உதிரி பாகங்கள் நிறையவே இருக்கின்றன. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் செய்யும் எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பி.எம்.டபிள்யூ.வில் இருக்கிறது, ஆடியில் இருக்கிறது, ஜாகுவாரில், பென்ட்லியில், ரோல்ஸ் ராய்ஸில் இருக்கிறது. ஆடி க்யூ7, போர்ஷே கயென், பென்ட்லி பென்டேகா, லம்போர்கினி உருஸ் நான்குக்கும் அடித்தளம் ஒன்றே. லெக்ஸஸ் இஎஸ், டொயோட்டா கேம்ரி இரண்டும் நெருங்கிய சொந்தம். இதைச் சொன்னவுடன் ‘அப்படியானால் ஏமாற்றா?’ என்று கேட்பார்கள். இல்லை. அடித்தளம் ஒன்றாக இருந்தாலும் சத்தத் தடுப்பு, கண்ணாடியின் தடிமன், சஸ்பென்ஷனை இசைக்கும் விதம், தோல், மரம் எல்லாம் மாறும்போது கார் மாறித்தான் போகிறது. ஆனால் விலை ஏறும் வேகத்துக்குத் தரம் ஏறுவதில்லை. சாதாரணக் காரிலிருந்து முதல் படி சொகுசுக் காருக்கு ஏறும்போது அந்த வித்தியாசத்தை உடம்பே சொல்லும். அங்கிருந்து மேலே ஒவ்வொரு படிக்கும் விலை இரட்டிப்பாகும், உணரக்கூடிய வித்தியாசமோ சுருங்கிக்கொண்டே வரும்.

மேல் படிகளின் விலையைத் தீர்மானிப்பது அரிது என்ற தன்மை. 2023-இல் பி.எம்.டபிள்யூ. பிராண்ட் 22 லட்சத்துக்கும் அதிகமான கார்களை விற்றது. ஃபெராரி அதே வருடம் விற்றது 13,663, ரோல்ஸ் ராய்ஸ் 6,032. ஃபெராரி நினைத்தால் இன்னும் நிறையச் செய்யலாம், செய்வதில்லை. காத்திருப்புப் பட்டியல்தான் அதன் விலையைக் காக்கிறது. வாங்குகிறவர் ஒவ்வொருவரும் நிறம், தையல், சக்கரம் என்று தன் விருப்பத்துக்குச் சேர்த்துக்கொண்டே போவதால் லாபம் இன்னும் பெருகுகிறது.

பெயர் இல்லாமல் தரத்தை மட்டும் வைத்து அந்த விலை கேட்டால் என்ன ஆகும்? ஃபோக்ஸ்வாகன் ஃபீட்டன் அந்தச் சோதனையைச் செய்து பார்த்தது. அப்போதைய தலைவர் ஃபெர்டினாண்ட் பீஷ் வைத்த நிபந்தனை பிரசித்தம்: வெளியே 50 டிகிரி வெயில் அடிக்கும்போது, நாள் முழுக்க மணிக்கு 300 கிலோமீட்டரில் ஓடினாலும் உள்ளே 22 டிகிரி குளிர்ச்சி மாறக்கூடாது. டிரெஸ்டன் நகரின் நடுவே கண்ணாடிச் சுவர் ஆலை கட்டி, 2002-இல் காரை வெளியிட்டார்கள். கார் அருமை. ஆனால் முகப்பில் இருந்தது சாதாரணக் குடும்பக் கார்களில் இருக்கும் அதே லோகோ. அமெரிக்காவிலிருந்து 2006-இல் பின்வாங்கினார்கள், 2016-இல் உற்பத்தியே நின்றது. அதே அடித்தளத்தில் 2003-இல் வந்தது பென்ட்லி கான்டினென்டல் ஜிடி. ஆண்டுக்கு ஆயிரம் கார் அளவில் விற்றுவந்த பென்ட்லி, அதற்குப் பின் சில வருடங்களில் பல மடங்கு வளர்ந்தது. அருமையான ஒரு காரை உலகம் லோகோவைப் பார்த்துக் கைவிட்டது எனக்கு வருத்தம்தான்.

பெயரை எதிர்த்திசையில் செலவழித்தவர்களும் உண்டு. 1908-இல் லண்டனுக்கு அருகே ப்ரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மூன்று கேடிலாக் கார்களைப் பிரித்துப் போட்டு, பாகங்களைக் கலந்து, மறுபடி பூட்டி 500 மைல் ஓட்டிக்காட்டினார்கள். பாகங்கள் துல்லியமாக ஒன்றுபோல இருந்தன என்பதற்கு அது நிரூபணம். ‘உலகத்தின் அளவுகோல்’ என்ற பட்டத்தைக் கேடிலாக் உழைத்தே சம்பாதித்தது. 1981-இல் அதே கேடிலாக், மலிவான செவ்ரோலெட் கவாலியருக்குத் தோல் சீட்டும் தன் சின்னமும் போட்டு ‘சிமரான்’ என்று விற்றது. வாங்கினவர்கள் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. 1988-இல் மாடல் போனது, கறை போகவில்லை.

புதிதாகப் பெயர் சம்பாதிப்பது முடியாத காரியமா? 1989-இல் லெக்ஸஸ் எல்எஸ் 400 அதைச் செய்து காட்டியது. டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா 1983-இல் தொடங்கிவைத்த திட்டம் அது. நூறு கோடி டாலருக்கு மேல் செலவு, சுமார் 450 மாதிரிக் கார்கள். அமெரிக்காவில் விலை 35,000 டாலர், ஜெர்மன் போட்டியாளர்களைவிடப் பல ஆயிரம் குறைவு. விளம்பரத்தில் பானட் மேல் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, காரை உருளைகள் மேல் அதிவேகத்தில் ஓட்டினார்கள். ஒரு கோப்பைகூடச் சரியவில்லை.

ஆனால் பெயரை நிலைநிறுத்தியது விளம்பரம் இல்லை, ஒரு கோளாறுதான். விற்பனை தொடங்கிய சில மாதங்களிலேயே வேகத்தைத் தானாகச் சீராக வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலிலும் பிரேக் விளக்கிலும் குறை தெரிந்தது. வந்தவை இரண்டே புகார்கள். லெக்ஸஸ் அதுவரை விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைத்தது. வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்க் காரை எடுத்துவந்து, சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திரும்பக் கொண்டுவிட்டார்கள். 20 நாளில் வேலை முடிந்தது. இந்தப் பிராண்ட் கைவிடாது என்று வாங்கினவர்களே மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இந்த நம்பிக்கைக்குச் சந்தை ஒரு விலை வைத்திருக்கிறது, அது மறுவிற்பனை விலையில் தெரியும். போர்ஷே 911-உம் லெக்ஸஸின் பெரிய வண்டிகளும் மதிப்பை நன்றாகவே தக்கவைக்கின்றன. பெரிய ஜெர்மன் செடான்கள் ஐந்து வருடத்தில் பாதிக்கும் மேல் இழப்பது சகஜம். குத்தகை முடிந்து ஒரே நேரத்தில் ஏராளமான கார்கள் சந்தைக்குத் திரும்புவது ஒரு காரணம். வாரண்டி முடிந்தபின் வரும் செலவைப் பற்றிய பயம் இன்னொரு காரணம். அந்தப் பயம் நியாயமானது. பத்து வருடக் காரின் விலை கால்வாசியாக இறங்கியிருக்கும். அதன் ஏர் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் விலை இறங்கியிருக்காது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சொகுசு செடானை வாங்குகிறவர், வாங்கும் விலையோடு புதுக் காருக்கான பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சர்வீஸ் ரசீதுகள் முழுசாக இருக்கும் காருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

மறுவிற்பனை விலையில் பெயரின் தாமதம் எவ்வளவு என்பதையும் பார்க்கலாம். ஹுண்டாய் 2015-இல் ஜெனிசிஸைத் தனி பிராண்டாகப் பிரித்தது. ஜே.டி. பவரின் மூன்று வருட ஆய்வில் அது முதன்முதலாக இடம்பெற்ற 2020-லேயே 89 பிரச்சினைகளோடு லெக்ஸஸை முந்தி முதலிடம் பிடித்தது. இருந்தும் அதன் பெரிய செடான்களின் மறுவிற்பனை விலை லெக்ஸஸ் அளவுக்கு நிற்கவில்லை. ஜெனிசிஸுக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருட வாரண்டி தருகிறது.